1941 தேதியிட்ட எழுத்தாளர் கையெழுத்து: அசலா, போலியா?

கேள்வி:
1944-ல் மறைந்த ஓர் எழுத்தாளரின் கையெழுத்துப் போட்ட பிரதி என்று ஒரு பழைய புத்தகம் விலைக்கு வந்திருக்கிறது. 1938 பதிப்பு. அட்டையைத் திறந்ததும் வரும் வெற்றுத் தாளில் நீல மையில் பெயர், கீழே 1941. 'இன்னாருக்கு அன்புடன்' என்பதுபோல் எதுவும் இல்லை. அசல் என்று ஒரு சான்றிதழும் தருகிறார்கள். இணையத்தில் கிடைத்த அவருடைய இன்னொரு கையெழுத்துடன் பார்த்தால் அச்சு அசலாக அப்படியே இருக்கிறது. இரண்டு நாள் வைத்துப் பார்க்கலாம் என்கிறார்கள். வீட்டிலேயே என்னென்ன பார்க்கலாம்?

பதில் 1:
'அச்சு அசலாக அப்படியே' என்பதுதான் உறுத்துகிறது. ஒரே ஆள் அடுத்தடுத்துப் போடும் இரண்டு கையெழுத்துகூட ஒன்றின்மேல் ஒன்று முழுதாகப் பொருந்தாது. நீளம், சாய்வு, எழுத்து இடைவெளி என்று ஏதாவது ஒன்று நகரும்.

பக்கத்தை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள். செல்போன் படம் வேண்டாம், கோணம் சாய்ந்தால் வடிவமும் சாய்ந்துவிடும். இணையப் படத்தையும் அதே நீளத்துக்குக் கொண்டுவந்து, ஒன்றைப் பாதி ஊடுதெரியும்படி மற்றதன்மேல் வையுங்கள். முழுதும் பொருந்தினால் இரண்டுக்கும் மூலம் ஒன்று என்று பொருள்.

பிறகு 10 மடங்கு லென்ஸ். ரப்பர் ஸ்டாம்ப் என்றால் மை ஓரத்தில் ஒதுங்கி நடுவில் வெளிறியிருக்கும். கோடுகள் வெட்டும் இடத்திலும் மை இரட்டிக்காது. இன்க்ஜெட் அச்சு என்றால் வண்ணப் புள்ளிகள் தெரியும். ஆட்டோபென் இயந்திரம்தான் ஏமாற்றும், அது நிஜப் பேனாவைப் பிடித்து எழுதுவதால் மை சரியாகவே இருக்கும். கோட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் பேனா நின்ற இடத்தில் சிறு புள்ளி இருக்கிறதா, முழுக்க ஒரே அழுத்தமா என்று பாருங்கள்.

பதில் 2:
வடிவத்தைவிட ஓட்டத்தைப் பாருங்கள். தன் பெயரை ஆயிரம் முறை எழுதியவர் யோசிக்காமல் எழுதுகிறார். பேனா தாளைத் தொடும்போதே நகர்ந்துகொண்டிருக்கும், விடும்போதும் நகரும். அதனால் கோட்டின் முனைகள் மெலிந்து கூர்மையாக முடியும். போலி போடுகிறவர் படம் வரைகிறார். முனை மொட்டையாக இருக்கும், வளைவில் மெல்லிய நடுக்கம் இருக்கும், தேவையில்லாத இடத்தில் பேனாவை எடுத்துவிட்டு மறுபடி ஒட்டவைத்த தடம் இருக்கும். வேகமாக எழுதவேண்டிய நீண்ட வளைவில்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்வார்கள். ஆனால் முதுமையிலும் நோயிலும் அசல் கையும் நடுங்கும். அந்த நடுக்கத்திலும் முனைகள் பெரும்பாலும் இயல்பாகவே ஓடி முடியும்.

தாளைத் தலைகீழாக வைத்துப் பாருங்கள். பெயரை வாசிக்க முடியாதபோது கோடு மட்டும் கண்ணில் படும்.

அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் தாளை ஒட்டிக் கிடையாகப் பிடியுங்கள். அழுத்தம் பள்ளமாகத் தெரியும். பள்ளம் ஒரு வழி, மை ஒரு வழி என்று எங்காவது விலகினால், முதலில் கூர்முனையால் தடம் எடுத்து அதன்மேல் மை ஓட்டியிருக்கிறார்கள். பென்சிலால் தடம் எடுத்து அழித்திருந்தாலும் காகித இழைகளுக்குள் கரி தங்கிவிடும். பல பேனா மைகள் அகச்சிவப்புக் கேமராவில் மங்கிவிடும், பென்சில் கறுப்பாகவே நிற்கும்.

தயவுசெய்து மையை ஈரத் துணியாலோ ஸ்பிரிட்டாலோ தொட்டுப் பார்க்காதீர்கள். அசலாக இருந்தால் அதைக் கெடுப்பது நீங்களாகிவிடும்.

பதில் 3:
இணையப் படம் ஒன்றே ஒன்றை வைத்து முடிவெடுக்க முடியாது. 1983-ல் வந்த போலி ஹிட்லர் டைரிகளில் கையெழுத்து நிபுணர்கள் ஏமாந்ததற்கு ஒரு காரணம், ஒப்பிடக் கொடுத்த மாதிரிகளிலேயே சில அதே மோசடிக்காரர் எழுதியவை. காகிதச் சோதனைதான் காட்டிக்கொடுத்தது: போருக்குப் பின் வந்த வெண்மையூட்டி அதில் இருந்தது. நூலகத்திலோ ஆவணக் காப்பகத்திலோ உள்ள கடிதம், ஒப்பந்தம் போன்றவற்றிலிருந்து எட்டு, பத்து மாதிரிகளாவது எடுங்கள். 1941-ஐ ஒட்டிய ஆண்டுகளாக இருக்கட்டும், கையெழுத்து வயதோடு மாறும்.

யார் கொடுத்தது, எதை வைத்துச் சொன்னது என்று இல்லாத சான்றிதழ் வெறும் காகிதம். இன்னொன்று: எழுத்தாளர்கள் பெரும்பாலும் தலைப்புப் பக்கத்தில்தான் போடுவார்கள். முன் வெற்றுத் தாள் புத்தகச் சொந்தக்காரர்கள் எழுதும் இடம்.

கேட்டவர்:
மிக்க நன்றி. ஸ்கேன் செய்து பொருத்தினேன், மயிரிழைகூட விலகவில்லை. லென்ஸில் பார்த்தால் வளைவுகளில் கோட்டுக்குள் மெல்லிய வெள்ளைக் கீற்று ஓடுகிறது. வளைவு முடிந்ததும் சின்ன மைக்கட்டி. 1941-ல் உள்ள 4-லும், 9-லும் அப்படியே. டார்ச் வெளிச்சத்தில் கடைசிச் சுழிப்பில் பள்ளம் மைக்கு வெளியே தெரிகிறது.

பதில் 1:
அது பால்பாயிண்ட். குண்டு உருளும்போது மை ஏறாத இடம் கீற்றாக விழும், வளைவில் சேர்ந்த மை அடுத்த நேர்க்கோட்டில் கட்டியாக இறங்கும். நிப் பேனாவில் இது வராது. அழுத்தும்போது நிப் இரண்டாகப் பிரிவதால் கோட்டின் இரு ஓரமும் கருத்திருக்கும். பால்பாயிண்ட் அமெரிக்கக் கடைக்கு வந்ததே 1945 அக்டோபரில், பரவலானது அதற்கும் பிறகு. 1944-ல் மறைந்தவர் கையில் அதை நம்ப வழியில்லை. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பதில் 2:
பள்ளம் விலகியிருப்பதால் தடம் எடுத்தது என்பதும் உறுதி. அந்த இணையப் படம் எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள். பழைய பதிப்புகளில் ஆசிரியர் படத்துக்குக் கீழே கையெழுத்தையும் அச்சடிப்பார்கள். தடம் எடுப்பவர்களுக்கு அதுதான் கைக்கு எட்டும் மூலம். அங்கே இடத்துக்கு ஏற்றபடி அதைச் சிறிதாக்கியிருப்பார்கள். உங்கள் பிரதியில் உள்ளதை ஸ்கேலால் அளந்து, காப்பகக் கடிதங்களில் உள்ளவற்றோடு நீளத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.