14 கி.மீ. தாண்டினால் வள்ளத்தில் இணைப்பு நிற்பதில்லை, ஆம்ப்ளிபயர் வாங்கலாமா?

உவரிக் கடலோரம்:

அண்ணாச்சிமார் எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர்ப் பையன்கள் சேர்ந்து கரையில் 20 மீட்டர் கம்பம் ஒன்று நிறுத்தி, வள்ளங்களுக்கு இணைய இணைப்புக் கொடுக்க 5.8 கிகாஹெர்ட்ஸ் வைபை பேஸ் ஸ்டேஷனைக் கடலைப் பார்த்து மாட்டியிருக்கிறோம். அங்கே ஒரு பக்கமாக மட்டும் வீசும் செக்டர் ஆன்டெனா. எங்கள் அண்ணன் வள்ளத்தில் கடல்மட்டத்திலிருந்து 4 மீட்டர் உயரத்தில் 12 டிபிஐ (ஆன்டெனாவின் பெருக்க அளவு) ஆம்னி, அதாவது சுற்றிலும் வீசும் ஆன்டெனா. சேனல் அகலம் 40 மெகாஹெர்ட்ஸ்.

கரையை விட்டுப் போகும்போது 3 கி.மீ. பக்கம் இணைப்பு சட்டென்று அறுந்து, கொஞ்சம் தள்ளிப் போனதும் தானாக வந்துவிடுகிறது. அப்புறம் 8, 9 கி.மீ. வரை வீடியோ காலே பேசலாம். 14 தாண்டினால் வருவதும் போவதுமாக இருக்கிறது, வலை விட்டுவிட்டு வள்ளம் அலைக்குக் குறுக்கே கிடக்கும்போது சுத்தமாக இல்லை. ஆனால் காற்றே இல்லாத சில மதியங்களில் 30 கி.மீ. தாண்டியும் கிடைத்திருக்கிறது, அதுதான் புரியவில்லை. கடையில் கேட்டால் சிக்னலின் பலத்தைக் கூட்டப் பெரிய ஆம்ப்ளிபயர் போடச் சொல்கிறார்கள். 2017 நவம்பரில் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் கிடந்தவர்களுக்குச் சேதி சொல்ல வழியில்லாமல் கரையில் நின்ற ஜனங்களைப் பார்த்தவர்கள் நாங்கள். அதனால் இதைப் பாதியில் விட மனசில்லை.

தூத்துக்குடி வயர்லெஸ்:

தம்பி, ஆம்ப்ளிபயர் வேண்டாம். 5.725 முதல் 5.875 கிகாஹெர்ட்ஸ் வரை லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம்தான், ஆனால் ஆன்டெனாவின் பெருக்கத்தையும் சேர்த்து 4 வாட்டுக்கு மேல் போகக் கூடாது. உங்கள் செக்டரிலேயே அந்த வரம்பை அநேகமாகத் தொட்டிருப்பீர்கள். அதோடு கரை மட்டும் சத்தமாகப் பேசி என்ன பயன், வள்ளத்தின் பதில் கரைக்குக் கேட்க வேண்டுமே.

கோளாறு அந்த 12 டிபிஐ ஆம்னியில் இருக்கிறது. சுற்றிலும் வீசும் என்று பெட்டியில் போட்டிருப்பான், மேலும் கீழுமாக அதன் வீச்சு 6, 7 டிகிரிதான். வள்ளம் 15 டிகிரி சரிந்தால் ஒரு பக்கம் கடலுக்குள்ளும் மறுபக்கம் வானத்திலும் டார்ச் அடித்த மாதிரி ஆகிவிடும். வள்ளம் குறுக்கே கிடக்கும்போது அறுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், வேறு சாட்சி வேண்டாம். 6 டிபிஐ ஆம்னி போடுங்கள், வீச்சு 25 டிகிரி பக்கம் வரும். 6 டெசிபெல் போகிறதே என்று யோசிக்காதீர்கள். சேனலை 40-லிருந்து 10 மெகாஹெர்ட்ஸாகக் குறைத்தால் இரைச்சல் நாலில் ஒரு பங்காகி அதே 6 டெசிபெல் திரும்பக் கிடைக்கும். வேகம் குறையும், குரலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் தாராளம்.

இன்னொன்று, ரேடியோவில் தூரம் குறிக்கும் இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 20 கி.மீ. போய்த் திரும்ப சிக்னலுக்கு 133 மைக்ரோவினாடி ஆகும். தூரம் குறைவாகப் போட்டிருந்தால், பதில் வந்துகொண்டிருக்கும்போதே வரவில்லை என்று முடிவு செய்து திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும். 30 கி.மீ. என்று போட்டு வையுங்கள்.

மணப்பாட்டு மாலுமி:

நான் கப்பலில் ரேடியோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 3 கி.மீ. சங்கதியை யாரும் தொடவில்லை, அதைச் சொல்கிறேன். நேராக வரும் அலை ஒன்று, தண்ணீரில் பட்டுத் தெறித்து வரும் அலை ஒன்று. தெறிக்கும்போது அது தலைகீழாகிவிடுவதால், இரண்டுக்கும் உள்ள பாதை வித்தியாசம் சரியாக ஒரு அலைநீளம் ஆகும் இடத்தில் ஒன்றை ஒன்று அழித்துவிடும். 5.8 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 5.2 சென்டிமீட்டர். உங்கள் 20 மீட்டரையும் 4 மீட்டரையும் வைத்துக் கணக்குப் போட்டால் அந்த இடம் 3.1 கி.மீ.யில் வருகிறது, நீங்கள் சொன்னதற்கு அப்படியே பொருந்துகிறது! கரைக் கம்பத்தில் 10 மீட்டரில் இன்னொரு ஆன்டெனா போடுங்கள். 3.1 கி.மீ.யில் மேலது செத்துக்கிடக்கும்போது கீழது உச்சத்தில் இருக்கும்.

மதியம் 30 கி.மீ. கிடைத்தது கடல் ஆவியால். தண்ணீருக்கு மேலே சில மீட்டர் உயரத்துக்கு ஈரக்காற்று படிந்து சிக்னலைக் கடலோடு வளைத்துக் கொண்டுபோகும். கிடைத்தால் லாபம், அதை நம்பி யாரும் தூரம் போகாதீர்கள்.

உவரிக் கடலோரம்:

ரொம்ப நன்றி. அப்படியானால் நம்பி இருக்கக்கூடிய தூரம் எவ்வளவு? 50 கி.மீ. முடியுமா? சிலர் அதற்கும் மேலே போகிறார்கள்.

தூத்துக்குடி வயர்லெஸ்:

இரண்டு பக்க உயரத்தின் வர்க்கமூலத்தையும் கூட்டி 4.12-ஆல் பெருக்குங்கள், ரேடியோ அடிவானம், அதாவது பூமியின் வளைவு மறைக்காமல் சிக்னல் எட்டும் எல்லை, கி.மீ.யில் வரும். உங்களுக்கு 26.7. அந்த இடத்தில் சிக்னல் ஏற்கெனவே தேய்ந்திருக்கும், 20-ஐ நம்பலாம். வள்ளத்தில் கம்பத்தை உயர்த்தினால் ஆட்டம் கூடும், அதனால் கரையில்தான் உயரம் தேட வேண்டும். கொரியாவில் கடலுக்கென்றே 700 மெகாஹெர்ட்ஸ் எல்டிஇ (4ஜி செல்போன் முறை) வைத்து 100 கி.மீ. வரை கொடுக்கிறார்கள். தாழ்ந்த அலைவரிசை, மலைமேல் ஆன்டெனா, இரண்டும் சேர்ந்துதான் அந்தத் தூரம். அந்த அலைவரிசைக்கு இங்கே லைசென்ஸ் வேண்டும், மலையும் நம் கரையை ஒட்டி இல்லை. ஆனால் ராதாபுரம் பக்கம் காற்றாலை நிறைய நிற்கிறதே! கரையோரமாக நிற்கும் ஒன்றில், உரியவரிடம் அனுமதி வாங்கி, இறக்கை சுற்றும் இடத்துக்குக் கீழே 40 மீட்டரில் மாட்டினால் அடிவானம் 34 கி.மீ. ஆகிவிடும். அதற்கு மேலே போக வள்ளத்துக்கு வள்ளம் சிக்னலைக் கைமாற்ற வேண்டும். கொல்லம் பக்கம் அமிர்தா பல்கலைக்கழகத்தார் மீன்பிடிப் படகுகளுக்கு இந்த மாதிரிதான் நீண்டதூர வைபை செய்து பார்த்தார்கள், அவர்கள் ஆய்வுகளைத் தேடிப் படியுங்கள்.

கூத்தங்குழி நைனா:

மக்கா, எங்கள் ஊரிலும் இதை வைக்க ஆசைதான், நீங்கள் செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள். ஒன்று மட்டும். இது வந்துவிட்டது என்று விஎச்எப் செட்டை (கடலில் பேசும் ரேடியோ) வள்ளத்தில் இருந்து இறக்கிவிடாதீர்கள், ஆபத்தில் அழைக்கும் 16-ஆம் சேனல் எப்போதும் திறந்திருக்கட்டும். இஸ்ரோவின் டிரான்ஸ்பாண்டர் கிடைத்தால் அதையும் பூட்டுங்கள், அது செயற்கைக்கோள் வழியாக இருபக்கமும் சிறு செய்தி கொண்டுபோகும், அதற்கு அடிவானத் தொல்லை இல்லை.

உவரிக் கடலோரம்:

கண்டிப்பாக அண்ணாச்சி, இரண்டும் இருக்கும். முதலில் 6 டிபிஐயும் 10 மெகாஹெர்ட்ஸும் மாற்றிவிட்டு கம்பத்துக்கு வருகிறோம். கனெக்டரெல்லாம் சீக்கிரமே பச்சை பூத்துப் போகிறது, அதற்கு என்ன செய்வது?

மணப்பாட்டு மாலுமி:

உப்புக்காற்று அப்படித்தான். கனெக்டரை முறுக்கியதும், தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாக இழுத்துச் சுற்றி, அதற்கு மேல் சாதாரண டேப் சுற்றுங்கள். ஆன்டெனாவுக்குக் கீழே கேபிளை ஒரு வளைவு விட்டுக் கட்டினால் தண்ணீர் கனெக்டருக்குப் போகாமல் அங்கேயே சொட்டிவிடும்.