எர்கட்: நோய்க்கும் முள்ளுக்கும் நஞ்சுக்கும் ஒரே சொல்லா?

அன்புள்ள குழுவினருக்கு,

எர்கட் என்பது கம்பு, ரை போன்ற தானியக் கதிர்களைத் தாக்கும் பூஞ்சை நோய். அதற்கான தமிழ்க் கலைச்சொற்கள் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

> எர்கட்டுக்குத் 'தேன் ஒழுகல் நோய்' என்ற சொல் இருக்கிறதே, புதிதாக எதற்கு?

கம்பு விளைகிற ஊர்களில் புழங்கும் அருமையான சொல் அது. விட்டுவிடக் கூடாது. ஆனால் அது நோயின் முதல் கட்டத்தை மட்டுமே சொல்கிறது. பூக்கும் கதிரில் பூஞ்சை சூலகத்தைப் பிடித்ததும் பிசுபிசுப்பான இனிப்புநீர் வடியும். அதிலுள்ள வித்துகளைப் பூச்சியும் மழையும் பரப்பும். நஞ்சு சேர்வது பிறகுதான். மணி பிடிக்க வேண்டிய இடத்தில் பூஞ்சை இழைகள் இறுகி, மணியைவிடப் பெரிதாக, நுனி கூர்ந்து, கருத்துக் கெட்டிப்படும். எர்கட்டின் பிரெஞ்சு மூலச்சொல்லுக்கே சேவலின் கால்முள் என்றுதான் பொருள். ஆகவே அந்தக் கட்டிக்குச் 'சேவல்முள்' என்று முன்மொழிகிறேன்.

விதை சுத்தம் செய்யும் குறிப்பிலேயே தேவை புரியும். 10 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ சாதா உப்பைக் கரைத்துக் கம்பு விதையைக் கொட்டினால் சேவல்முள் மிதக்கும். அதை அள்ளி அகற்றிவிட்டு, அடியில் தங்கிய விதையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலச வேண்டும். உப்பு ஒட்டியிருந்தால் முளைப்பு கெடும். இங்கே 'தேன் ஒழுகல் மிதக்கும்' என்றா எழுதுவது?

> அப்படியானால் இதில் சேரும் நச்சு வேதிப்பொருள்கள் (ஆல்கலாய்டுகள்) 'சேவல்முள் காரப்போலிகள்' ஆகுமா?

கூடாது. ஃபெஸ்க்யூ புல்லுக்குள் வாழும் எபிக்குளோயி என்ற பூஞ்சை, முள்ளே உண்டாக்காமல் எர்கோவலின் என்ற இதே வகை நஞ்சைத் தருகிறது. டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்தோடு ஐந்து கார்பன் ஐசோபிரீன் துண்டு இணைவதுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். பிறகு வளையங்கள் மூடி, நான்கு வளைய எர்கோலின் கூடு உருவாகும். எனவே 'எர்கோலின் காரப்போலிகள்' பொருந்தும். மூன்று வளையத்தோடு நிற்கும் சானோகிளாவினை 'எர்கோலின் முன்னோடி' எனலாம்.

கலைச்சொல் விளக்கத்தில் ஒரு எச்சரிக்கையும் தேவை. ரை தானியத்தைத் தாக்கும் கிளாவிசெப்ஸ் பர்ப்யூரியா என்ற எர்கட் பூஞ்சை, இந்த நஞ்சாக்கத்தில் லைசர்ஜிக் அமிலம் கடந்து எர்கோட்டமின் வரை போகும்; எர்கோட்டமின் ரத்தக்குழாயைச் சுருக்குவதால் விரல்கள் அழுகும். கம்பைத் தாக்கும் கிளாவிசெப்ஸ் ஃபியூசிஃபார்மிஸ் அதற்கு முந்தைய படியான எலைமோகிளாவினோடு நின்றுவிடும். 1975இல் ராஜஸ்தானில் நஞ்சேறிய கம்பைத் தின்றவர்களுக்கு வந்தது வாந்தி, தலைச்சுற்றல், தூக்கக் கலக்கம். 'எர்கட் நஞ்சு என்றால் விரல் அழுகல்' என்று எழுதினால் கம்பு உண்போரை அது தவறாக வழிநடத்தும்.

> ஸ்கிளிரோஷியம் (பூஞ்சை இழைகள் இறுகிய கட்டி) எல்லாவற்றுக்கும் சேவல்முள் சரிவருமா?

வராது. நிலக்கடலைத் தண்டழுகலில் காண்பது கடுகு போன்ற உருண்டை. பொதுச்சொல்லாக 'இழைமுடிச்சு' இருக்கட்டும். சேவல்முள் கிளாவிசெப்ஸுக்கு மட்டும்.