ஊரே நல்லவர் என்கிறது. ஆனால் வாக்கு விழுமா?

நீடாமங்கலத்தான் (கேள்வி):

வெண்ணாற்றுப் பாசனப் பகுதியில் இருக்கும் எங்கள் ஊர்களில், விவசாயிகள் சங்கப் பொறுப்பில் நெடுங்காலமாக உழைத்துவரும் ஒருவரைச் சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நிறுத்தலாம் என்று நாங்கள் சிலர் பேசிவருகிறோம். அவர் பெயரை இங்கே சொல்வது முறையாகாது. மேட்டூர் திறந்தும் தண்ணீர் வந்து சேராத ஆண்டுகளில் கிளை வாய்க்கால் தலைப்புவரை ஆட்களைத் திரட்டிக்கொண்டு நடந்தவர் அவர். கஜா புயலுக்குப் பிறகு நிவாரணப் பட்டியலில் தம் பெயரைக் கடைசியாக எழுதச் சொன்னார். அவர்மீது ஒரு ரூபாய் குற்றச்சாட்டுகூடச் சொல்ல எவராலும் முடியாது.

சிக்கல் எங்கே என்றால், அந்த நேர்மையையே அவருக்கு எதிராகப் பேசுகிறார்கள். ஒரு சம்பா அறுவடையின்போது பக்கத்து அரசு நெல் கொள்முதல் நிலையமொன்றில் மூட்டைக்கு இவ்வளவு என்று கேட்ட பணத்தைக் கொடுக்க மறுத்தார். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்று காரணம் காட்டி அவருடைய குவியலை மட்டும் ஒதுக்கிவைத்தார்கள். தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டு இரவும் பகலும் களத்திலேயே கிடந்தார். பருவம் தவறிப் பெய்த மழையில் அடி நெல் முளைவிட்டது. பணம் கொடுத்தவர்களின் நெல் அதற்குள் லாரி ஏறிவிட்டது. இன்றைக்கும் தேநீர்க் கடையில் அவர் பேச்சு வந்தால், "அண்ணன் மாதிரி மனுஷன் கிடையாதுதான், ஆனால் தன் நெல்லையே போட முடியாதவர் சட்டசபைக்குப் போய் நமக்கு என்ன செய்துவிடப் போகிறார்?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் விரோதிகள் அல்லர், அவரிடம் மனு எழுதி வாங்கிப் பயன்பெற்றவர்களே.

இரண்டாவது சிக்கல் பணம். அரிசி ஆலை நடத்தும் ஒருவர் தேர்தல் செலவில் பெரும்பங்கைத் தாம் ஏற்பதாகச் சொல்லியனுப்பியிருக்கிறார். வாங்கினால் போட்டியில் நிற்பதுபோலவாவது இருக்கும். வாங்காவிட்டால் துண்டறிக்கை அடிப்பதோடு எங்கள் கை வறண்டுவிடும். தோற்பது ஏறத்தாழ உறுதி என்று தெரிந்தும் இப்படிப்பட்டவரை நிறுத்துவது அவருக்கு நாங்கள் செய்யும் மரியாதையா, அவமானமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மன்னை ஆசிரியர்:

பல தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அவருடைய குணத்தைப் பற்றிப் பேசாமல் நடைமுறையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும், சுயேச்சைக்குத் தொகுதி வாக்காளர் பத்துப் பேர் கையெழுத்திட வேண்டும். வைப்புத்தொகை 10,000 ரூபாய். செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் அது திரும்பக் கிடைக்கும். 1,80,000 வாக்குகள் விழுந்தால் 30,000 பேருக்கு மேல் அவருக்குப் போட்டிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஒரு தொகுதியின் வாக்காளர்கள் சராசரியாக இரண்டு லட்சத்துக்கு மேல். அவருடைய நல்ல பெயர் எத்தனை ஊர்களில் தெரியும் என்று உட்கார்ந்து கணக்கிடுங்கள். ஒரு வருவாய்க் குறுவட்டத்தைத் தாண்டாது என்பது என் கணிப்பு.

சுயேச்சைக்குச் சின்னம் கிடைப்பது வேட்புமனுவைத் திரும்பப் பெறும் நாள் முடிந்த பிறகுதான். அதற்கும் வாக்குப்பதிவுக்கும் இடையில் இரண்டு வாரத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே அவகாசம் இருக்கும். இருபது முப்பது ஆண்டுகளாகச் சுவரில் இருக்கும் சின்னங்களுக்கு எதிராக, வயதான பெண்களின் மனத்தில் ஒரு புதிய படத்தைப் பதியவைக்க அந்த அவகாசம் போதாது. நான் பணி செய்த சாவடிகளில், காலை மாதிரி வாக்குப்பதிவின்போது இரண்டு மூன்று பெரிய கட்சிகளின் முகவர்கள் மட்டுமே வந்திருப்பார்கள். சுயேச்சைகளின் நாற்காலி காலியாகவே கிடக்கும். மாலையில் பதிவான வாக்குகளின் கணக்கை 17சி படிவத்தில் எழுதிக் கொடுக்கும்போதும் வாங்கிக்கொள்ள அவர்கள் தரப்பில் ஆள் இருக்காது. தொகுதிக்கு ஏறத்தாழ முந்நூறு சாவடி என்றால், விடியற்காலை ஐந்தரைக்கு வந்து மாலைவரை எழுந்திருக்காமல் உட்காரக்கூடிய ஆட்கள் அத்தனை பேர் உங்களிடம் இருக்கிறார்களா? ஆலைக்காரர் பணத்தைவிட முதலில் விடை தேடவேண்டிய கேள்வி அதுதான்.

பணத்தால் எல்லாம் நடந்துவிடும் என்றும் சொல்லமாட்டேன். 2016ஆம் ஆண்டு மே மாதத்தில் பணப் பட்டுவாடா காரணமாகத் தஞ்சாவூர், அரவக்குறிச்சி ஆகிய இரு தொகுதிகளின் தேர்தலைத் தேர்தல் ஆணையம் ரத்து செய்து நவம்பரில் நடத்தியதை நம் பக்கத்தார் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் அப்படி ரத்தானதால் நேர்மையான சுயேச்சைகளுக்கு வழி திறந்துவிடவில்லை என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்.

கடைமடை:

முதலில் ஊராட்சித் தலைவர் தேர்தலில் நிற்கட்டும். அங்கே கட்சிச் சின்னம் கிடையாது, எல்லோருக்கும் முகம் தெரியும். அதில் ஐந்து ஆண்டு இருந்து காட்டிவிட்டு மேலே வரட்டும்.

முத்துப்பேட்டைத் தோழர்:

ஆசிரியர் ஐயா சொன்ன கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் நேர்மையானவர் வெல்ல முடியாது என்று இந்தத் திரியைப் படிப்பவர்கள் முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். 2021இல் திருத்துறைப்பூண்டி தனித் தொகுதியில் வென்ற இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் மாரிமுத்து குடிசை வீட்டில் வாழ்ந்தவர். அவருடைய சொத்துக் கணக்கைப் பார்த்துத்தான் நாட்டின் மற்றப் பகுதிகளில் அவரைப் பற்றிப் பேசினார்கள். நாகப்பட்டினம் மக்களவைத் தொகுதியில் செல்வராசு 1989, 1996, 1998, 2019 என நான்கு முறை வென்றார். மூன்றாவது வெற்றிக்கும் நான்காவதற்கும் இடையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. 2024 மே மாதம் மறையும்போதும் அவர் நாடாளுமன்ற உறுப்பினர்தான். எளிமைக்காக எதிர்க்கட்சியினரும் மதித்த மனிதர்.

இவர்கள் எளிமையால் மட்டும் வென்றார்கள் என்று சொன்னால் அது பொய். கூட்டணி இருந்தது, கிளைதோறும் ஆட்கள் இருந்தார்கள், கீழத்தஞ்சையில் கூலிக்கும் குத்தகைக்கும் நடந்த போராட்டங்களின் நினைவு மூன்று தலைமுறையாகக் குடும்பங்களில் இருந்தது. எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. 1967இல் விருதுநகரில் காமராசரும் அதே தேர்தலில் கக்கனும் தோற்றார்கள். அவர்களுடைய கை சுத்தத்தைப் பற்றி அன்றைக்கு எவருக்கும் ஐயம் இருந்ததில்லை. அரிசி விலையும் மொழிப் பிரச்சினையும் மக்கள் மனத்தில் இருந்தபோது, தலைவர் நல்லவரா என்ற கேள்வியை யாரும் கேட்கவே இல்லை. ஆகவே நேர்மை என்பது வாக்காளர் இரண்டாவதாகப் பார்க்கும் தகுதி. தங்கள் பிரச்சினையை எடுத்துப் பேச ஆள் இருக்கிறார் என்று நம்பிய பிறகுதான் அவர் திருடாதவரா என்று கேட்பார்கள்.

இன்னொன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. தனி மனிதரின் நேர்மையைத் தனி மனிதரே காப்பாற்றிக்கொள்வது கடினம். எங்கள் கட்சியில் சட்டமன்ற உறுப்பினரின் சம்பளத்தில் ஒரு பகுதி கட்சிக்குப் போகும், கணக்குக் கேட்க ஒரு குழு இருக்கும். உங்கள் சங்கத்தில் அவரைக் கேள்வி கேட்கும் துணிவுள்ளவர்கள் எத்தனை பேர்? சுற்றி இருப்பவர்கள் எல்லோரும் அவரை வணங்குகிறவர்கள் என்றால், வென்றாலும் எனக்கு அச்சம்தான்.

குடமுருட்டி:

நான் பாபநாசம் பக்கம். மகளிர் சுய உதவிக் குழுவில் ஊக்குநராக இருக்கிறேன். மேலே எழுதிய ஐயாக்கள் இருவரும் வாக்காளரின் வீட்டு வாசலுக்கு வரவில்லை. எனவே நான் அங்கிருந்து பேசுகிறேன்.

பணம் எப்படி வருகிறது என்பதைப் பாருங்கள். வெளியூர்க்காரர் யாரும் கொண்டுவருவதில்லை. தெருவுக்கு ஒருவர் வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு, இந்த வீட்டில் நான்கு ஓட்டு, மகன் திருப்பூரில் இருக்கிறான், வருவானா மாட்டானா என்பதுவரை எழுதிவைத்திருப்பார். அவர் பெரும்பாலும் சித்தப்பாவாகவோ மைத்துனராகவோ குழுத் தலைவியின் வீட்டுக்காரராகவோ இருப்பார். "வேண்டாம்" என்று சொன்னால் வேட்பாளரை மறுப்பதாக ஆகாது, உறவுக்காரரை முகத்திலடித்ததாக ஆகிவிடும். வாங்கிக்கொண்டு வேறு சின்னத்தில் போடுகிறவர்களும் எங்கள் தெருவில் உண்டு, யாருக்குத் தெரியப்போகிறது? வாங்குவதும் கொடுப்பதும் சட்டப்படி குற்றம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஒலிபெருக்கியில் வந்து "காசு வாங்கிக்கொண்டு உங்களை விற்றுவிடாதீர்கள்" என்று பேசும் சுயேச்சை வேட்பாளரைப் பார்த்தால் எங்கள் பெண்களுக்குக் கோபம்தான் வருகிறது. நூறு நாள் வேலைச் சம்பளம் வாரக்கணக்கில் வராதபோது எங்கே இருந்தார் என்று கேட்பார்கள். உங்கள் வேட்பாளர் நின்றால் அந்தப் பேச்சை மட்டும் பேசவேண்டாம் என்று சொல்லுங்கள்.

நெல் விஷயத்துக்கு வருகிறேன். தேநீர்க் கடையில் சொல்வது கேலி அன்று, அது ஒரு நியாயமான கேள்வி. அவர் கொடுக்காததால் அவர் நெல் முளைத்தது, சரி. அதன் பிறகு அந்த நிலையத்தில் வேறு யாருடைய நெல்லையாவது பணம் கொடுக்காமல் எடை போடவைத்தாரா? ஒரு விதவைப் பெண்ணின் இருபது மூட்டையை அவர் நின்று போட்டுக்கொடுத்திருந்தால், கதையை ஊர் வேறு விதமாகச் சொல்லிக்கொண்டிருக்கும். தான் இழப்பதற்குத் தயார் என்பது பெரிய குணம்தான். ஆனால் சட்டமன்ற உறுப்பினர் என்றால் எங்களுக்கு முதியோர் உதவித்தொகையும் பட்டாவும் பள்ளிக்கூடத்து ஓட்டைக் கூரையும்தான். இழக்கத் தெரிந்தவருக்கு வாங்கிக்கொடுக்கவும் தெரியுமா என்று பார்க்கிறோம்.

நீடாமங்கலத்தான்:

எல்லோருக்கும் நன்றி. சகோதரி கேட்டதற்கு விடை: மறு ஆண்டு குறுவையில் அவரும் சங்கத்து இளைஞர்களும் எடை மேடைக்கருகில் முறை வைத்து உட்கார்ந்தார்கள். அந்தப் பருவம் முழுதும் அங்கே யாரிடமும் பணம் கேட்கவில்லை. இதை நாங்கள் வெளியே பெரிதாகச் சொல்லவே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. தோழர் கேட்ட கணக்குக் குழுவையும் அமைத்துவிடலாம்.

ஒரு செய்தியை முதலில் எழுதவில்லை. சாலை மறியல், தண்ணீர்ப் போராட்டம், எண்ணெய்க் குழாய் எதிர்ப்பு என்று அவர்மீது சில வழக்குகள் நிலுவையில் உள்ளன. வேட்புமனுவில் அவை வந்தால், கொலை வழக்கு உள்ளவரையும் இவரையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவார்களே என்று அவர் தயங்குகிறார். வாக்கைப் பிரிப்பதற்காக ஒரு கட்சி இவரை நிறுத்துகிறது என்ற பேச்சும் கிளம்பிவிட்டது.

குடந்தை வழக்கறிஞர்:

வழக்குகளை மறைக்க வழியே இல்லை, மறைக்கவும் வேண்டாம். படிவம் 26 உறுதிமொழிப் பத்திரத்தில் நிலுவையில் உள்ள ஒவ்வொரு வழக்கையும் குற்ற எண், சட்டப்பிரிவு, நீதிமன்றம் உட்பட எழுத வேண்டும். எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடக்கூடாது. பொருந்தாத இடத்தில் "இல்லை" என்றே எழுதவேண்டும். சுட்டிக்காட்டிய பிறகும் நிரப்பாவிட்டால் மனுவைத் தள்ளுபடி செய்யலாம். அதோடு, வழக்கு விவரங்களைப் பிரச்சாரக் காலத்தில் மூன்று முறை நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் விளம்பரம் செய்யும் கடமையும் அவருக்கு உண்டு. மணல் கடத்தியவருக்கும் தண்ணீர் கேட்டு மறித்தவருக்கும் விளம்பரத்தின் கட்டம் ஒன்றுதான். அது எனக்கு எப்போதும் உறுத்துகிற ஏற்பாடு, ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. அவர் செய்யக்கூடியது, ஒவ்வொரு வழக்கும் எந்த நாளில் எந்தக் கோரிக்கைக்காக நடந்த போராட்டத்தில் வந்தது என்று தம் துண்டறிக்கையின் முதல் பக்கத்திலேயே அச்சிடுவது. எதிரி சொல்வதற்கு முன் அவரே சொல்லிவிட்டால், நம் மாவட்டங்களில் அந்தப் பட்டியலுக்கு வேறு மதிப்பு. குறுவை கருகிய ஆண்டை யாரும் மறக்கவில்லை.

வாக்கைப் பிரிக்கிறார் என்ற பேச்சுக்கும் ஆலைக்காரர் பணத்துக்கும் தொடர்பு உண்டு என்று நினைக்கிறேன். கொள்முதல் நிலையத்தோடு தொழில் உறவு வைத்திருக்கும் ஒருவர், அதே நிலையத்தில் லஞ்சம் வேண்டாம் என்று நின்றவருக்குச் செலவு செய்ய முன்வந்தால், ஊர் காரணம் தேடும். செலவு உச்சவரம்பு 40 லட்சம் ரூபாய் என்பதால் தொகை பெரிதாக இருப்பதே சட்டத்துக்கு விரோதமாகாது. ஆனால் தேர்தலுக்கென்று திறக்கும் தனி வங்கிக் கணக்கின் வழியாகத்தான் வரவும் செலவும் நடக்க வேண்டும், ஒருவரிடமிருந்து 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கக் கூடாது. காசோலையாகத் தருவீர்களா, கொடுத்தவர் பெயரைச் சங்க அலுவலகத்தில் எழுதி ஒட்டலாமா என்று ஆலைக்காரரிடம் கேளுங்கள். சம்மதித்தாலும் நான் வாங்கவேண்டாம் என்றே சொல்வேன். இருநூறு ரூபாய் கொடுத்த ஆயிரம் பேர் வாக்குச்சாவடியிலும் உட்காருவார்கள், ஆசிரியர் கேட்ட ஆட்கள் அங்கிருந்துதான் கிடைப்பார்கள்.

மரியாதையா அவமானமா என்று கேட்டிருந்தீர்கள். 1996இல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் வேட்பாளர்களாக நின்றபோது அவர்களில் பெரும்பாலோர் வெல்ல நிற்கவில்லை. விவசாயிகளின் கோரிக்கை காதில் விழவேண்டும் என்று நின்றார்கள். வைப்புத்தொகையும் முன்மொழிவோர் எண்ணிக்கையும் பிறகு உயர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். உங்களவர் எதற்காக நிற்கிறார் என்பதை அவரே வெளிப்படையாகச் சொல்லட்டும். இந்த முறை எட்டாயிரம் வாக்கு, அடுத்து ஊராட்சி ஒன்றியம் என்பது அவர் திட்டமென்றால் எட்டாயிரம் தோல்வி ஆகாது. ஜெயித்துவிடுவோம் என்று இளைஞர்களிடம் சொல்லி அழைத்துவந்து எட்டாயிரத்தில் நின்றால், அவர்களில் பலர் மறுநாளே பெரிய கட்சி அலுவலகத்துக்குப் போய்விடுவார்கள்.

முடிவு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்யவேண்டும். தோற்ற சுயேச்சைகள் பலர் இதில் அலட்சியமாக இருந்து மூன்றாண்டுவரை போட்டியிடும் தகுதியை இழக்கிறார்கள். கணக்கு எழுத ஒருவரை மனுத் தாக்கலுக்கு முன்பே அமர்த்திவிடுங்கள். வழக்குகளின் முதல் தகவல் அறிக்கை நகல்களுக்கு இப்போதே மனு போடச் சொல்லுங்கள்; பழைய வழக்குகள் எந்த நீதிமன்றத்தில் இருக்கின்றன என்று கண்டுபிடிக்கவே நாளாகும், தேர்தல் அறிவிப்பு வந்த பிறகு அதற்கு நேரம் இருக்காது.