செம்பு லேசர் வெல்டிங்: மேலே சுத்தம், அடியில் குமிழி. நடக்கும்போதே எக்ஸ்-ரேயில் பார்க்கலாமா?

தகடுதட்டி:
1 மி.மீ. செம்புத் தகடு இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து 1070 நானோமீட்டர் ஃபைபர் லேசரில் வெல்டிங் செய்கிறோம். மேலே பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. குறுக்கே வெட்டிப் பாலிஷ் போட்டால் அடியில் குமிழிகள், ஆழமும் இடத்துக்கு இடம் மாறுகிறது. அசிட்டோனில் துடைத்தாயிற்று, காற்றுப் படாமல் காக்கும் ஆர்கான் வாயுவைக் கூட்டியாயிற்று, பவரையும் ஏற்றியாயிற்று. தெறிப்புதான் அதிகமானது. எங்களிடம் ஒரு எக்ஸ்-ரே கேபினெட் இருக்கிறது. வெல்டிங் நடக்கும்போதே அதில் படம் எடுக்க முடியுமா?

நீலக்கதிர்:
குமிழி எல்லாம் அடியிலேயே இருக்கிறது என்றால் அழுக்கைவிட கீஹோல் மேல்தான், அதாவது லேசர் உலோகத்தை ஆவியாக்கித் தோண்டும் குறுகிய குழி மேல்தான், எனக்குச் சந்தேகம். அறை வெப்பநிலையில் செம்பு இந்த அலைநீளத்தில் சுமார் 5 சதவீதம்தான் உறிஞ்சும். உருகியதும் உறிஞ்சல் கூடும். கீஹோல் திறந்துவிட்டால் கதிர் சுவருக்குச் சுவர் பட்டுத் திரும்பி இன்னும் அதிகமாக உள்ளே போகும். அதனால் ஆழம் படிப்படியாக வராது, திடீரென்று இறங்கும். கீஹோலின் நுனி மூடிக்கொள்ளும்போது ஆவி அடியில் மாட்டிக்கொள்கிறது. செம்பு சீக்கிரம் உறைவதால் அது மேலே ஏறி வெளியேற நேரம் கிடைப்பதில்லை.

வேகம் என்ன வைத்திருக்கிறீர்கள்? மெதுவாகப் போனால் செம்பு ரொம்பவே தெறிக்கும். வேகத்தையும் பவரையும் சேர்த்து ஏற்றிப் பாருங்கள். அப்புறம், லேசர் தலையைச் சில டிகிரி சாய்த்து வையுங்கள். திரும்பி வரும் கதிர் ஃபைபரைக் கெடுத்துவிடும்.

நிழற்படம்:
எக்ஸ்-ரே பற்றி மட்டும் சொல்கிறேன். லேசரை உள்ளே விட கேபினெட்டில் துளை போடவே போடாதீர்கள், கவசம் போய்விடும். போட்டாலும் பயனில்லை. கீஹோலின் ஆட்டத்தைப் பிடிக்க நொடிக்கு ஆயிரக்கணக்கான படங்கள் வேண்டும், சாதாரணக் குழாயில் அவ்வளவு ஒளி கிடைக்காது. இதற்காகத்தான் ஹாம்பர்க்கின் பெட்ரா III, கிரெனோபிளின் ஈ.எஸ்.ஆர்.எஃப். போன்ற சின்க்ரோட்ரான்களுக்கு, அதாவது மிகப் பிரகாசமான எக்ஸ்-ரே தரும் பெரிய துகள்முடுக்கிகளுக்கு, போகிறார்கள்.

அங்கேயும் செம்பு லேசில் விடாது. 1 மி.மீ. செம்பை 30 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் கதிர் ஏறக்குறைய தாண்டவே தாண்டாது. 60-இல் கால்வாசி தாண்டும், 100-இல் மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே மெல்லிய பட்டையாக வெட்டி, பக்கவாட்டிலிருந்து கதிரை விடுவார்கள். கீஹோலின் எல்லை நன்றாகத் தெரியும். திடச் செம்புக்கும் திரவச் செம்புக்கும் அடர்த்தி வித்தியாசம் குறைவு என்பதால் உருகிய குளத்தின் எல்லை மங்கல்தான். இன்னொன்று, பட்டையில் வெப்பம் பக்கவாட்டில் பரவ இடமில்லை. அதில் கிடைத்த எண்களை அப்படியே தகட்டுக்குக் கொண்டுவர முடியாது.

உங்கள் கேபினெட்டில் வெல்டிங் முடிந்த துண்டை வைத்துக் குமிழிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று பாருங்கள், அதுவே நிறையச் சொல்லும். நேரடியாக ஆழம் தெரிய வேண்டுமென்றால் லேசர் தலையில் பொருத்தி, இன்னொரு ஒளிக்கதிரால் கீஹோலின் ஆழத்தை அளக்கும் ஓ.சி.டி. அளவி இருக்கிறது.

தகடுதட்டி:
வேகம் நொடிக்கு 50 மி.மீ.தான் இருந்தது. இரு மடங்காக்கினேன். தெறிப்பும் குமிழியும் குறைந்தன, ஆனால் கீழ்த்தகட்டைச் சரியாகத் தொடவில்லை. பவரும் உச்சத்தில் இருக்கிறது.

நீலக்கதிர்:
சரி, அப்படியானால் ஸ்பாட்டை, அதாவது கதிர் விழும் புள்ளியை, சின்னதாக்குங்கள். தகடுகளுக்கு நடுவே இணைப்பு குறுகிப் போகும், அதை வாபிள் வைத்து, அதாவது கதிரைச் சற்றே ஆட்டிக்கொண்டே நகர்த்தி, அகலப்படுத்தலாம். அதிலும் வரவில்லை என்றால் 515 நானோமீட்டர் பச்சை லேசரில் ஒரு சோதனைத் துண்டு போட்டுப் பாருங்கள். திடச் செம்பே அதில் சுமார் 40 சதவீதம் உறிஞ்சும்.