விழுமியங்கள் சுவரை விட்டு இறங்க மாட்டேன் என்கின்றன. எங்கே தொடங்குவது?

தராசுமுள் (கேள்வி):
எங்கள் நிறுவனத்தில் 120 பேர், மூன்று கிளைகள். நேர்மை, மரியாதை, பொறுப்பு, வாடிக்கையாளர் நலன், குழு உணர்வு என்று ஐந்து விழுமியங்களை அச்சடித்து மாட்டியாயிற்று. ஒரு நாள் பயிற்சியும் நடந்தது, எல்லாரிடமும் கையெழுத்தும் வாங்கியாயிற்று. ஆனால் மாதக் கடைசியில் சரக்கு கிளம்பும் முன்பே பில் போடுவது நிற்கவில்லை. தெரிந்தவர்களும் வாய் திறப்பதில்லை. நிர்வாகம் இரண்டாவது பயிற்சிக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறது. அதைப் பயிற்சியிலேயே போடலாமா?

கணக்குப்புலி:
வேண்டாம். முதலில் விற்பனைப் பிரிவின் இன்சென்டிவ் தாளை எடுங்கள். கடைசித் தேதிக்குள் பில் விழுந்தால் கமிஷன் என்று அதில் இருந்தால், முன்கூட்டி பில் போடச் சொல்வதே அந்தத் தாள்தான். சுவரில் இருக்கும் "நேர்மை" அதோடு மல்லுக்கட்ட முடியாது.

அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரான் 2000 ஜூலையில் 64 பக்க நெறிமுறைக் கையேடு வெளியிட்டது. 2001 டிசம்பரில் திவால். அதன் நிதித் தலைவர் தனியே நடத்திய கூட்டு நிறுவனம் என்ரானோடேயே வியாபாரம் செய்ய வசதியாக, இயக்குநர் குழுவே 1999இல் நெறிமுறை விதியைத் தளர்த்திக் கொடுத்திருந்தது. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் வாடிக்கையாளர் ஒருவருக்கு எட்டு சேவைகள் என்பது இலக்கு. கேட்காதவர்கள் பெயரிலெல்லாம் கணக்கு திறந்தார்கள். 2016இல் 18.5 கோடி டாலர் அபராதம். சுமார் 5,300 பேர் வேலை போனது. அதன் பிறகுதான் கிளைகளில் அந்த விற்பனை இலக்கை எடுத்தார்கள்.

உங்கள் இடத்தில் செய்ய வேண்டியது: கடந்த 12 மாதங்களில் ஒவ்வொரு மாதமும் கடைசி 3 நாள் பில்களையும், அடுத்த மாதம் முதல் 10 நாள் கிரெடிட் நோட்டுகளையும் (போட்ட பில்லை ரத்து செய்ய அல்லது குறைக்கக் கொடுக்கும் சீட்டு) பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நோய் எந்தக் கிளையில் என்று அதுவே காட்டிவிடும். பிறகு கமிஷனைப் பில் தேதியிலிருந்து பிரித்து, பணம் வசூலான தேதிக்கு மாற்றுங்கள். 60 நாளில் சரக்கு திரும்பினால் கமிஷனும் திரும்ப வேண்டும். முதல் இரண்டு மாதம் விற்பனை எண் இறங்கியதுபோலத் தெரியும். அதை மேலிடத்துக்கு முன்பே சொல்லி வைக்காவிட்டால், பயந்து பழைய முறைக்கே போய்விடுவார்கள்.

ஊமத்தை:
மேலே சொன்னது சரி. ஆனால் அந்த ஐந்து சொற்களும் ஏட்டுச் சுரைக்காய். "பொறுப்பு வேண்டாம்" என்று எந்த நிறுவனமாவது சொல்லுமா? எதிர்ப்பக்கத்தை எவரும் தேர்ந்தெடுக்க மாட்டார்கள் என்றால் அந்த விழுமியம் யாருக்கும் வழிகாட்டாது. எதை விட்டுக்கொடுப்போம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்: "டெலிவரி தாமதமாகும் என்று தெரிந்த 24 மணி நேரத்தில் வாடிக்கையாளருக்குச் சொல்வோம், ஆர்டர் கைவிட்டுப் போனாலும்." இப்படி மூன்று வரி போதும்.

வரிகளை மேலிடம் எழுதக் கூடாது. கிளைகளிலிருந்து 15, 20 உண்மைச் சிக்கல்களைத் திரட்டி, அவற்றிலிருந்து எடுக்க வேண்டும். பிறகு மாதம் ஒரு சிக்கல், 20 நிமிடம், 6 முதல் 8 பேர். நடத்துபவர் அந்தக் குழுவின் சூப்பர்வைசர், ஹெச்.ஆர். வந்து நடத்தினால் அது மறுபடி பயிற்சி வகுப்பாகிவிடும்.

மணிகட்டி:
வாய் திறக்காததற்குக் காரணம் பெரும்பாலும் பயம் மட்டுமல்ல, சொன்னாலும் பதில் வராது என்ற அனுபவமும்தான். மோசடிகளை ஆராய்பவர்களின் சர்வதேசச் சங்கமான ஏ.சி.எஃப்.இ.யின் 2024 அறிக்கையில் வரும் மோசடிகளில் 43 சதவீதம் துப்பு கிடைத்ததால் வெளிவந்தவை. துப்புக் கொடுத்தவர்களில் பாதிக்கு மேல் ஊழியர்கள்.

முறைகேட்டைப் புகார் செய்பவர்களைப் பாதுகாக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 உத்தரவிலுள்ள கெடுவை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: 7 நாளில் "புகார் கிடைத்தது" என்று பதில், அதிலிருந்து 3 மாதத்துக்குள் என்ன செய்தோம் என்ற தகவல். குறைந்தது இரண்டு வழிகள் வேண்டும். அதில் ஒன்று மேலாளரையும் ஹெச்.ஆரையும் தொடாமல் போக வேண்டும். இன்னொன்று, பலரும் மறப்பது: புகார் கொடுத்தவரின் ஷிஃப்ட், லீவு, அப்ரைசல், இடமாற்றம் ஆகியவற்றை 3, 6, 12ஆவது மாதங்களில் யாராவது எடுத்துப் பார்க்க வேண்டும். பழிவாங்கல் உடனே வராது, ஆறப்போட்டுத்தான் வரும். ஆண்டு முழுக்க ஒரு புகாரும் இல்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள்.

தராசுமுள்:
நன்றி. அப்ரைசலில் விழுமியத்துக்கு 20 சதவீத மதிப்பெண் வைக்கலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது. சரியா?

கணக்குப்புலி:
5க்கு 4 என்று எல்லாருக்கும் ஒரே மதிப்பெண் விழும். அதோடு, அந்த 20ஐ இழந்தாலும் விற்பனையில் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்றாகிவிடும். அதற்குப் பதில் பதவி உயர்வில் தடுப்புக் கதவாக வையுங்கள்: உடன் வேலை செய்பவர் இருவர், கீழே இருப்பவர் ஒருவர், ஆளுக்கு ஒரு குறிப்பிட்ட சம்பவம் எழுத்தில். தேறாதவர் எவ்வளவு விற்றாலும் அந்தச் சுற்றில் மேலே போகக் கூடாது.

மணிகட்டி:
விதியைத் தளர்த்திய ஒவ்வொரு முறையும் யார், எதற்கு, யார் ஒப்புதல் என்று ஒரு பதிவேடும் வையுங்கள். ஒதுக்கிய பணத்தில் பாதி, புகார்களை விசாரிக்க ஒரு வெளியாளுக்குப் போகட்டும். மீதியில் சூப்பர்வைசர்களுக்கு மட்டும் பயிற்சி கொடுங்கள், கமிஷன் முறை மாறிய பிறகு.