மீ, ஹிம், தெம்: ப்ரிபோசிஷனுக்குப் பின்னால் நாங்கள் பார்த்தவை

வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். ப்ரிபோசிஷனும் ப்ரொனவுனும் சேரும் இடத்தைப் பற்றித்தான் என் வகுப்பில் கேள்வி அதிகம். விதி என்னவோ சின்னதுதான். டு, ஃபார், வித், ஃப்ரம், அபவுட் என எது வந்தாலும் அதற்குப் பின்னால் ஐ வராது, மீ வரும். ஹி வராது, ஹிம் வரும். ஷி ஹெர் ஆகும், வீ அஸ் ஆகும், தே தெம் ஆகும். யூ, இட் இரண்டும் அப்படியே நிற்கும்.

இதை அட்டவணை போட்டுக் கொடுத்தால் ஒப்பிக்கிறார்கள், பேசும்போது தடுமாறுகிறார்கள். அதனால் இப்போதெல்லாம் முதல் நாளே, "நானோடு வா என்று யாராவது சொல்வீர்களா?" என்று கேட்டுவிடுகிறேன். யாரும் சொல்ல மாட்டார்கள். நான் என்பது என் ஆன பிறகுதான் ஓடு சேரும். நீ உன் ஆகும், நாங்கள் எங்கள் ஆகும். தமிழில் உருபு பின்னால் ஒட்டுகிறது, ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்யும் சொல் முன்னால் தனியாக நிற்கிறது. உருவம் மாற வேண்டும் என்ற உணர்வு நம்மிடம் குழந்தையிலிருந்தே இருக்கிறது. இதைச் சொன்னதும் பலருக்குப் பயம் விட்டுப்போவதை நேரில் பார்த்திருக்கிறேன்.

ஆனால் இடையில் இன்னொரு ஆள் வந்துவிட்டால் சிக்கல்தான். "ஷி கேம் வித் ஐ" என்று ஒருபோதும் சொல்லாத மாணவி, "ஷி கேம் வித் மை சிஸ்டர் அண்ட் ஐ" என்று தயங்காமல் சொன்னார். காரணம் கேட்டேன். சின்ன வயதில் "மீ அண்ட் மை சிஸ்டர் வென்ட்" என்று சொன்னபோதெல்லாம், "மை சிஸ்டர் அண்ட் ஐ" என்று சொல் எனத் திருத்தினார்களாம். அதிலிருந்து அண்ட் ஐ என்பதுதான் மரியாதையான ஆங்கிலம் என்று மனதில் பதிந்துவிட்டது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் "பிட்வீன் யூ அண்ட் ஐ" என்று சொல்வது உண்டு. 16ஆம் நூற்றாண்டு ஆங்கில எழுத்திலேயே அது இருக்கிறது. இருந்தாலும் தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் அண்ட் மீ என்றுதான் எழுத வேண்டும். அக்காவை எடுத்துவிட்டு வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள், காதே காட்டிக்கொடுத்துவிடும்.

* * *

நான் வசன மொழிபெயர்ப்பு செய்கிறவன். ஆசிரியர் சொன்னதற்கு நேர்மாறான ஓர் இடமும் உண்டு. தமிழ் உணர்வு அங்கே காலை வாரிவிடும். அது நம்முடைய தன்.

"சாவியைத் தன்னோடு எடுத்துப் போனான்" என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், நிறையப் பேர் "வித் ஹிம்செல்ஃப்" என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் அங்கே வெறும் "வித் ஹிம்" போதும். இடத்தைக் காட்டும் ப்ரிபோசிஷன்களுக்குப் பின்னால் பெரும்பாலும் செல்ஃப் சேர்ப்பதில்லை. "க்ளோஸ் த டோர் பிஹைண்ட் யூ" என்றுதான் சொல்வார்கள், யுவர்செல்ஃப் வராது. ஆனால் செயலே தன் மீது திரும்பினால் செல்ஃப் கட்டாயம். "ஷி லுக்ட் அட் ஹெர்" என்றால் வேறொருத்தியைப் பார்த்தாள். கண்ணாடியில் தன்னையே பார்த்திருந்தால் "அட் ஹெர்செல்ஃப்".

ஒருமுறை படக்காட்சி இல்லாமல் வசனமும் குறிப்பும் மட்டும் கைக்கு வந்தன. அறையில் இரண்டு பெண்கள். குறிப்பில் "ஷி ஹிட் த லெட்டர் பிஹைண்ட் ஹெர்" என்று இருந்தது. கடிதத்தைத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்தாளா, மற்றவளுக்குப் பின்னால் வைத்தாளா? ஆங்கில வாக்கியம் இரண்டுக்கும் இடம் கொடுக்கும். தமிழில் தனக்குப் பின்னால் என்றோ அவளுக்குப் பின்னால் என்றோ ஏதாவது ஒன்றைத்தான் எழுத முடியும். காட்சி வரும்வரை அந்த வரியைத் தொடவில்லை. வந்த பிறகு பார்த்தால், தன் முதுகுக்குப் பின்னால்தான். இந்த விஷயத்தில் தமிழ் ஆங்கிலத்தைவிடத் தெளிவானது என்பது என் உறுதியான எண்ணம்.

* * *

அலுவலகத்தில் வரும் புகார்களைப் படிப்பது என் வேலை. ஓர் ஊழியர் "ஹி ஷவுட்டட் டு மீ" என்று எழுதியிருந்தார். மேலாளர் அதைப் படித்துவிட்டு, தூரத்திலிருந்து கூப்பிட்டதில் என்ன புகார் என்று கேட்டார். உண்மையில் அந்த ஊழியரைப் பலர் முன்னால் திட்டியிருக்கிறார்கள். அதற்கு "ஷவுட்டட் அட் மீ" என்று எழுதியிருக்க வேண்டும். டு என்றால் காதில் விழுவதற்காக, அட் என்றால் ஆளின் மீது பாய்வது. "த்ரோ இட் டு மீ" என்றால் பிடித்துக்கொள்கிறேன், போடு. "ஹி த்ரூ இட் அட் மீ" என்றால் என்னை அடிக்க எறிந்தான். மீ மாறவே இல்லை, முன்னால் இருக்கும் சின்னச் சொல்தான் முழு வழக்கையும் மாற்றிவிடுகிறது. அவரை அழைத்துப் பேசிய பிறகு புகாரைத் திருத்தி வாங்கிக்கொண்டோம்.

* * *

எழுத்தில் சரியாக இருப்பவர்களும் காதில் தவறவிடுவதைச் சொல்கிறேன். தொலைபேசியில் வாடிக்கையாளர்களிடம் பேசும் புதியவர்களுக்குப் பயிற்சி தருகிறேன். "டெல் ஹிம்" என்பது பேச்சில் டெல்லிம் என்றுதான் விழும். "டெல் தெம்" பல நேரம் டெல்லம். ஃபார் ஹெர் என்பது ஃபரர் என்று ஒரே சொல்லாக ஓடிவிடும். புத்தகத்தில் படித்த உச்சரிப்புக்காகக் காத்திருப்பவர்களுக்கு அந்த ஹெர் போய்ச் சேராது. ஃபார் கூட "இட்ஸ் ஃபார் யூ" என்பதில் ஃபர் என்று தேய்ந்துவிடும், "ஹூ இஸ் இட் ஃபார்?" என்று கடைசியில் நின்றால் முழுசாக ஒலிக்கும். அப்புறம், யாரையாவது குறிப்பாகச் சுட்டும்போது எல்லாமே தெளிவாகக் கேட்கும்: அவனுக்கு இல்லை, அவளுக்கு என்னும்போது ஹெர் அழுத்தமாக வரும்.

* * *

டர்ன் ஆஃப் இட் ஏன் தப்பு, லுக் ஆஃப்டர் இட் ஏன் சரி என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். டர்ன் ஆஃப் என்பதில் ஆஃப் ப்ரிபோசிஷனே இல்லை, வினையோடு சேர்ந்த துணைச்சொல். அதனால் "டர்ன் ஆஃப் த லைட்" என்றும் "டர்ன் த லைட் ஆஃப்" என்றும் சொல்லலாம், ஆனால் இட் வந்தால் நடுவில்தான்: "டர்ன் இட் ஆஃப்". ஆஃப்டர் உண்மையான ப்ரிபோசிஷன், ப்ரொனவுன் அதற்குப் பின்னால்தான் வரும். கற்பவர்களுக்கான நல்ல அகராதிகளில் இந்த இடம் குறித்திருக்கும், பார்த்துக்கொள்ளலாம்.

* * *

நான் புகைப்படக்காரர். "எ ஃபோட்டோ ஆஃப் மீ" என்றால் படத்தில் நான் இருக்கிறேன். "எ ஃபோட்டோ ஆஃப் மைன்" என்றால் என்னுடைய படங்களில் ஒன்று, உள்ளே யார் வேண்டுமானாலும் இருக்கலாம். இரண்டையும் மாற்றி எழுதி அனுப்புகிறார்கள். அதனால் ஆஃப் மீ என்று குறிப்பு வந்தால், படத்தில் இருப்பது நீங்கள்தானா என்று கேட்ட பிறகுதான் பெயர் போடுகிறேன்.