புதுப்பிப்பு: எல்லா மெயிலும் ஸ்பேம் ஃபோல்டருக்குப் போன சிக்கல் தீர்ந்தது

மெயிலின் ஸ்பேம் புள்ளியை நட்சத்திரங்களாகக் காட்டும் எக்ஸ்-ஸ்பேம்-லெவல் என்ற தலைப்பு வரியில் ஐந்து நட்சத்திரம் (*****) இருந்தால் ஸ்பேம் ஃபோல்டருக்கு அனுப்பு என்று விதி போட்டதும், எல்லா மெயிலும் அங்கேயே போகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். உதவியவர்களுக்கு நன்றி.

முதலில் ஸ்பேம்அசாசினில் (மெயிலுக்கு ஸ்பேம் புள்ளி போடும் மென்பொருள்) எத்தனை புள்ளி வந்தால் ஸ்பேம் என்ற வரம்பை 5-லிருந்து 8 ஆக்கிப் பார்த்தேன், பயனில்லை. சீவ் (மெயிலை ஃபோல்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் விதிகளை எழுதும் மொழி) விதியைப் பாருங்கள் என்றவர் சொன்னதுதான் சரி. அதில் 'மேட்சஸ்' போட்டிருந்தேன். அதற்கு * என்றால் எது வேண்டுமானாலும்! 0.3 புள்ளி வாங்கிய சம்பளச் சீட்டு மெயில்கூட மாட்டிக்கொண்டது. அதை, * குறியை வெறும் நட்சத்திரமாகவே தேடும் 'கன்டெய்ன்ஸ்' ஆக்கினேன், வரம்பையும் பழையபடி 5-க்கே கொண்டுவந்தேன்.

எதிர்பாராதது: எக்ஸ்-ஸ்பேம்-லெவல் வரியில் முழுப் புள்ளிக்குத்தான் நட்சத்திரம். 4.9 வாங்கிய லாட்டரி மெயிலுக்கு நாலே நாலு. அப்புறம் நாலு நட்சத்திரத்துக்கும் தனி ஃபோல்டர் வைத்தேன். அப்படிச் செய்தால் ஐந்து நட்சத்திர விதியை மேலே வைத்து, அதோடு நிறுத்து என்று 'ஸ்டாப்' போடுங்கள். ஐந்து நட்சத்திரத்துக்குள் நாலு நட்சத்திரமும் இருக்கிறதே, நாலு விதியும் அதைப் பிடித்துவிடும்.